எந்த சிடியை வைத்துக்கொள்ள, எதை விட? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய ராக் ஆல்பங்களின் ரீமாஸ்டர் சிடிகளை, அதாவது பழைய பதிவையே புதிதாகச் சீர்செய்து வெளியிட்ட சிடிகளைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த கடிதங்களே இந்த மாதம் முழுப் பக்கத்துக்கும் போதும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, எங்க சித்தப்பா சவூதியில இருந்தப்ப வாங்கின பிங்க் ஃபிளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' பழைய சிடி வீட்டில் கிடக்கு. இப்போ 2011 ரீமாஸ்டரும் கையில் வந்திருக்கு. புதுசைப் போட்டதுமே கும்முனு இருக்கு, பழசு சவசவன்னு கேக்குது. பழசைத் தள்ளிவிட்டுரலாமா?

அவசரப்பட வேண்டாம் தம்பி. இரண்டையும் கேட்டபோது ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழைத் தொட்டீர்களா? இந்த சிடியை எடுத்துவிட்டு அந்த சிடியைப் போட்டிருப்பீர்கள், குமிழ் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 2011 சிடி பழசைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் பதிவானது. ஒன்று இன்னொன்றைவிட ஒரு டெசிபல் கூட இருந்தால் நம் காது அதைச் சத்தம் என்று உணராது, 'தெளிவா இருக்கு, பேஸ் நல்லா விழுது' என்றுதான் உணரும். சத்தம் குறைவாக இருக்கும்போது காது பேஸையும் உச்சத்து ட்ரெபிளையும் சரியாகப் பிடிப்பதில்லை, சத்தம் ஏற ஏற இரண்டும் மேலே வரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆக, சத்தத்தைச் சமன் செய்யாமல் இரண்டு சிடியை ஒப்பிட்டால் எப்போதும் சத்தம் கூடியதுதான் ஜெயிக்கும்.

சமன் செய்வது பெரிய வேலை இல்லை. கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டு சிடியையும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் ரிப் செய்து (சிடியில் உள்ளதைக் கோப்பாக எடுத்து), ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் போட்டு ரீப்ளேகெய்ன் கணக்கிடச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும். அதிலேயே ஏபிஎக்ஸ் என்று ஒரு கூடுதல் வசதி சேர்த்துக்கொள்ளலாம், எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமலே மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கலாம். கம்ப்யூட்டர் இல்லையென்றால் போனில் சவுண்ட் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் போனை அசையாமல் வைத்து, பாட்டின் அதே அரை நிமிடத்தை இரண்டு சிடியிலும் ஓட விட்டு, முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்வரை குமிழைத் திருப்புங்கள். திருப்பிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த தடவைக்கும் உதவும்.

அதற்கப்புறம் கேட்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். ஆல்பத்தின் ஆரம்பத்தில் இதயத்துடிப்பு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மெல்ல மெல்ல வரும். வாசல் கதவைச் சாத்திவிட்டு, அது எந்த நொடியில் முதலில் காதில் விழுகிறது, எவ்வளவு நேரம் எடுத்து ஏறுகிறது என்று பாருங்கள். 'டைம்' பாட்டில் கடிகாரங்கள் அடித்து ஓய்ந்த பிறகு நிக் மேசன் ரோட்டோடாம் வாசிப்பார், ஒவ்வொரு அடியும் விழுந்து அடங்குவதற்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேளுங்கள். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் கிளேர் டோரி உச்சத்தில் கத்திவிட்டு முனகலுக்கு இறங்கும் இடம் இன்னும் நல்ல சோதனை. சத்த ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமமாக்கிய சிடியில் அந்த முனகலும் கத்தலும் ஒரே உயரத்தில் நிற்கும். நல்ல சிடியில் அந்த அம்மாள் உண்மையிலேயே பின்வாங்கிப் போவது தெரியும்.

1973-இல் வந்த இந்த ஆல்பம் சிடியாகப் பல தடவை வந்திருக்கிறது. 1983-இல் ஜப்பானில் தோஷிபா-ஈஎம்ஐ போட்டது, லேபிளில் கறுப்பு முக்கோணம் இருப்பதால் 'பிளாக் டிரையாங்கிள்' என்பார்கள், எண் சிபி35-3017. அப்புறம் 1992-இல் டக் சாக்ஸ் ரீமாஸ்டர் செய்தது, 2003-இல் எஸ்ஏசிடி என்ற உயர்தர வகையோடு சேர்ந்து வந்தது, 2011-இல் ஜேம்ஸ் கத்ரி ரீமாஸ்டர் செய்தது, 2023-இல் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்தது. சித்தப்பா வாங்கியது இதில் எது என்பதை அட்டையை வைத்துச் சொல்ல முடியாது. சிடியின் பளபளப்பான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, நடு ஓட்டையைச் சுற்றி உள்ள வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அதை இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் போட்டால் எந்த ஆலை, எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். என் தீர்ப்பைக் கேட்டால், சத்தத்தைச் சமன் செய்து கேட்கும்போது 2011 நல்ல வேலைதான், கத்ரி அதை நசுக்கவில்லை. கறுப்பு முக்கோணமும் அருமை, ஆனால் அதற்கு இன்று கேட்கிற விலை பாட்டுக்கான விலை இல்லை, சேகரிப்பவர்களின் ஆசைக்கான விலை. வீட்டில் இருப்பது அதுவாக இருந்தால் விற்காதீர்கள், இல்லாவிட்டால் தேடி அலையாதீர்கள்.

சேரன்மகாதேவி வாசகர்: ரீமாஸ்டர், ரீமிக்ஸ் ரெண்டும் ஒண்ணுதானே? கடையில் ரெண்டையும் ஒரே மாதிரி சொல்லுதாங்க.

ஒன்றில்லை, வேறு வேறு. ஒரு பாட்டைப் பதியும்போது டிரம்ஸ், பேஸ் கிட்டார், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனி ட்ராக்கில் இருக்கும். அவற்றைச் சேர்த்து இடம் வலம் என்று இரண்டு ட்ராக்காக ஆக்குவதுதான் மிக்ஸ். அந்த முடிந்த மிக்ஸை எடுத்து, தொனியைச் சரிசெய்து, சத்தத்தை நிர்ணயித்து, சிடிக்கோ இசைத்தட்டுக்கோ ஏற்றபடி ஆக்குவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்றால் அதே பழைய மிக்ஸ், புதிய மாஸ்டரிங். ரீமிக்ஸ் என்றால் தனித்தனி ட்ராக்குக்கே திரும்பப் போய்ப் பாட்டை மறுபடி கட்டுவது.

இது ஏன் முக்கியம் என்றால், பல சமயம் அட்டையில் ஒழுங்காகச் சொல்லாமலே மாற்றிவிடுகிறார்கள். 1987-இல் பீட்டில்ஸ் சிடிகள் வந்தபோது 'ஹெல்ப்', 'ரப்பர் சோல்' இரண்டுக்கும் அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் புதிதாக ஸ்டீரியோ மிக்ஸ் செய்து கொடுத்தார். 2009 ஸ்டீரியோ பெட்டியிலும் அந்த மிக்ஸ்தான். 1965-இல் ஜனங்கள் கேட்ட ஸ்டீரியோ மிக்ஸ் வேண்டுமென்றால் அதே நாளில் வந்த மோனோ (இடம் வலம் பிரிக்காத ஒரே ட்ராக்) பெட்டியை வாங்க வேண்டும், அந்த இரண்டு சிடிகளில் மோனோவோடு சேர்த்து அதையும் வைத்திருக்கிறார்கள்! இசட்இசட் டாப்பின் ஆரம்ப கால ஆல்பங்களை 1987-இல் சிடியாக்கியபோது டிரம்ஸுக்கு எண்பதுகளின் எதிரொலியைப் பூசி ரீமிக்ஸ் செய்தார்கள். எழுபதுகளின் டெக்சாஸ் புழுதி அதில் இல்லாமலே போய்விட்டது. அதைவிட மோசமானது ஓசி ஆஸ்பர்னின் 'பிளிசார்ட் ஆஃப் ஓஸ்'. 2002 வெளியீட்டில் பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிட்டாரையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் அழித்துவிட்டு வேறு ஆட்களை வைத்துப் புதிதாக வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். ஒரு கலைஞன் வாசித்ததை அவன் பெயர் பெற்ற ஆல்பத்திலிருந்தே எடுத்துவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. 2011-இல் அசல் வாசிப்பு திரும்ப வந்தது. அந்த ஆல்பம் வாங்குவதானால் 2002 என்று போட்டிருந்தால் தொடாதீர்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: பழைய சிடியை ஒலி அலையைக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்தால் மேலும் கீழும் முள்ளாக இருக்கு, புதுசு செங்கல் கட்டி மாதிரி நிக்குது. இது எப்படி ஆச்சு?

லிமிட்டர் என்ற, சத்தத்தின் உச்சத்தை வெட்டும் கருவி செய்கிற வேலை அது. சிடியில் சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேலே எழுத இடமே கிடையாது. பாட்டின் உச்சத்தில் வருவது ஸ்நேர் டிரம்மின் அடி, கிட்டார் கம்பியை மீட்டும் முதல் நொடி போன்ற சின்னச் சின்ன முட்கள். அந்த முட்களை வெட்டிவிட்டால் மிச்சம் எல்லாவற்றையும் தூக்கி மேலே வைக்கலாம். 90-களின் நடுவிலிருந்து எல்லாக் கம்பெனியும் இதைச் செய்தது. நம் ஊர்க் கோயில் கொடையில் மேலத்தெருவும் கீழத்தெருவும் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பது போல, அடுத்த கம்பெனி சிடியைவிட நம்முடையது மெதுவாகக் கேட்டுவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம்.

அதன் உச்சம் 2008-இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்'. சிடியில் ஒலி பிய்ந்து கரகரத்தது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டுக்கும் போயிருந்தன, அங்கே அமுக்காமல் இருந்ததால் ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் வந்தது என்று சொன்னார். ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெயில்ஸ்' 2002-இல் இதே கதியில் வந்து, 2013-இல் முழுவதையும் ரீமிக்ஸ் செய்து மீட்டார்கள். முழுதாக மறுபடி மிக்ஸ் செய்தால்தான் மீளும், ஏனென்றால் வெட்டிய முள்ளை எந்தக் கருவியாலும் ஒட்ட வைக்க முடியாது.

பழைய சிடியின் அலை சின்னதாக இருக்கிறது என்று யாரும் கவலைப்பட வேண்டாம். 16 பிட் சிடியில் சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது, எழுபதுகளின் டேப்பில் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் இடையே அவ்வளவு கிடையாது. ஆறு டெசிபல் கீழே பதிந்தாலும் பாட்டில் எதுவும் தொலையாது, நீங்கள் குமிழைத் திருப்பினால் போதும். இன்னொன்று, டிஆர் மீட்டர் என்ற மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடாதீர்கள். அது சத்த ஏற்ற இறக்கத்தைத்தான் சொல்லும், தொனி நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. இசைத்தட்டிலிருந்து எடுத்த கோப்புக்கு அந்த எண் இயல்பாகவே கூடுதலாக வரும்.

கடையநல்லூர் வாசகர்: அப்படின்னா பழைய சிடிதான் எப்பவும் நல்லதா அண்ணாச்சி?

இல்லை. எண்பதுகளில் அவசர அவசரமாக சிடி போட்டபோது சில இடங்களில் அசல் மாஸ்டர் டேப்பைத் தேடவே இல்லை. இசைத்தட்டு வெட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த நகல் டேப்பை, தட்டுக்காக பேஸைக் குறைத்து வைத்திருந்த அதே நிலையில், அப்படியே சிடியாக்கினார்கள். அன்றைய அனலாக்–டிஜிட்டல் கருவிகளும் இன்றைய அளவுக்கு இல்லை. பீட்டில்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், என் காதுக்கு 2009 சிடிகள் 1987 சிடிகளைவிட நிச்சயமாக மேல், அதிலும் மோனோ பெட்டியில் லிமிட்டரைத் தொடவே இல்லை. எந்த டேப், எந்தக் கை என்று பார்க்க வேண்டுமே தவிர எந்த வருஷம் என்று பார்த்தால் போதாது.

தென்காசி வாசகர்: லெட் செப்பலினுக்கு எதை வாங்க?

மூன்று சுற்று உண்டு. எண்பதுகளின் முதல் சிடிகள், அவற்றில் பலவற்றை மாஸ்டர் செய்தவர் பேரி டயமண்ட். 1990-இல் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் ஜார்ஜ் மரினோவும் செய்தது. 2014-15-இல் பேஜே ஜான் டேவிஸுடன் உட்கார்ந்து செய்தது. டயமண்ட் செய்தவை இயல்பாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும், ஹெட்போனில் அரை நாள் கேட்டாலும் சலிக்காது. 1990-இல் ட்ரெபிள் கொஞ்சம் முன்னால் நிற்கும். 2014 சத்தம் கூடியது, ஆனாலும் நிதானமான வேலை, எங்கும் கிடைக்கும். 'வென் த லெவீ பிரேக்ஸ்' தொடக்கத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸைப் போட்டுப் பாருங்கள், அது ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வாசித்துப் பதிந்தது. அடிக்குப் பின்னால் அந்தக் கூடம் கேட்கிறதா, அடி மட்டும் கேட்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 2014 போதும்.

தூத்துக்குடி வாசகர்: கப்பல் வேலையில் இருந்த மாமா ஜப்பானில் வாங்கின 'ஆபி ரோடு' சிடி இருக்கு. பிளேயரில் நல்லா கேக்குது. ரிப் பண்ணி போனில் போட்டால் காது கூசுது. ரிப் தப்பா?

மாமாவிடம் நல்ல பொருள் இருந்திருக்கிறது. 1983-இல் தோஷிபா போட்ட, சீக்கிரமே சந்தையிலிருந்து எடுத்துவிட்ட சிபி35-3016 ஆக இருக்கலாம், எண்ணைப் பாருங்கள். ரிப்பில் தப்பில்லை, காரணம் ப்ரீ-எம்ஃபசிஸ். ஆரம்ப கால சிடிகள் சிலவற்றில் ட்ரெபிளைத் தூக்கிப் பதிந்துவிட்டு, ஓர் அடையாளக் குறியையும் உள்ளே வைத்தார்கள். பிளேயர் அந்தக் குறியைப் பார்த்ததும் அதே அளவு ட்ரெபிளை இறக்கிவிடும், கூடவே இரைச்சலும் இறங்கும். நல்ல ஏற்பாடுதான். ரிப் செய்யும் மென்பொருள் பல நேரம் அந்தக் குறியைக் கண்டுகொள்வதில்லை, அதனால் தூக்கிய ட்ரெபிள் அப்படியே கோப்பில் நிற்கிறது, உச்சத்தில் கிட்டத்தட்ட பத்து டெசிபல். கூசாமல் என்ன செய்யும்? சாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் டீஎம்ஃப் என்று ஒரு கட்டளை உண்டு, அதை 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். இந்த விஷயம் தெரியாமல் பழைய ஜப்பான் சிடி எல்லாம் கீச்சுக் கீச்சென்று இருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர்.

வள்ளியூர் வாசகர்: எஸ்ஹெச்எம் சிடி, தங்க சிடி எல்லாம் விலைக்குத் தகுந்த மாதிரி இருக்குமா?

எஸ்ஹெச்எம் என்பது வேறு வகைப் பிளாஸ்டிக், தங்க சிடி என்பது வேறு உலோகம். பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் மாற்றினால் பாட்டு மாறாது, இரண்டிலும் ஒரே எண்கள் இருந்தால் ஒரே ஒலிதான். மொபைல் ஃபிடெலிட்டி, டிசிசி கம்பெனிகள் போட்ட தங்க சிடிகள் நன்றாக இருப்பதற்குக் காரணம் தங்கமில்லை, நல்ல டேப்பைத் தேடி எடுத்து நிதானமாக மாஸ்டர் செய்ததுதான். டிசிசிக்காக ஸ்டீவ் ஹாஃப்மன் செய்த 'ஹோட்டல் கலிபோர்னியா' அதற்கு நல்ல சாட்சி.

குற்றாலம் வாசகர்: சில சிடிகள் ஓரத்திலிருந்து பழுப்பு நிறமாக மாறுது. சாரல் காலத்து ஈரம்தான் காரணமா?

சாரல் ஈரத்தில் உள்ளே இருக்கும் அட்டைத் தாள் பூஞ்சை பிடிக்கும், அதைக் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். பழுப்பு வேறு விஷயம். சிடியில் 'பிடிஓ யூகே' என்று இருக்கிறதா பாருங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் இருந்த அந்த ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிலவற்றில் மேல்பூச்சு சரியில்லை, அட்டைத் தாளில் இருந்த கந்தகம் உள்ளே போய் உலோகத்தைத் தின்றுவிட்டது. நிறுத்த வழி இல்லை. இன்றே ரிப் செய்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள், ஓரத்தில்தான் முதலில் பிடிக்கும், கடைசிப் பாட்டு இருப்பதும் அங்கேதான் என்பதால் அதை முதலில் சரிபாருங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: நான் ஸ்ட்ரீமிங்கில்தான் கேக்கேன், எங்க வீட்டில் எப்பவும் ஃபேன் ஓடும். இந்த வித்தியாசமெல்லாம் எனக்குத் தெரியவே இல்லையே?

சரியாகப் பிடித்தீர்கள். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னால் வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? ஃபேன் சத்தத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் காதுக்கு வராது, அந்த அறையில் அமுக்கிய சிடிதான் நன்றாகக் கேட்கும். காரில் தென்காசி ரோட்டில் போகும்போதும் அப்படித்தான், அங்கே அமுக்கிய ரீமாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் ஃபேனை நிறுத்தி அரை மணி நேரம், அல்லது காதை மூடும் ஹெட்போன். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறேன் என்று நீங்களே எழுதியிருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: அங்கே பெரும்பாலும் கடைசியாக வந்த ரீமாஸ்டர் மட்டும்தான் இருக்கும், பழைய மாஸ்டரிங் வேண்டுமென்றால் சிடிதான் வழி.

அம்பாசமுத்திரம் வாசகி: அண்ணாச்சி, ஒரே ஒரு சிடி வாங்கி இதை எல்லாம் நானே கேட்டுப் பார்க்கணும். காசும் அதிகம் ஆகக் கூடாது. எதை வாங்க?

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' வாங்குங்கள் தங்கச்சி, 1985-இல் வந்த முதல் சிடி. 24 ட்ராக் டிஜிட்டல் கருவியில் பதிந்தது, சிடியாகவே பத்து லட்சம் விற்ற முதல் ஆல்பம் என்பதால் பழைய பிரதி தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. இசைத்தட்டில் இடம் போதாமல் சுருக்கிய பாட்டுகள் இதில் முழு நீளத்தில் இருக்கின்றன. 1996-இல் பாப் லட்விக் செய்த ரீமாஸ்டர் சத்தம் கூடியது, அதையும் யாரிடமாவது இரவல் வாங்கி, சத்தத்தைச் சமன் செய்துவிட்டு 'மணி ஃபார் நத்திங்' தொடக்கத்தைப் போடுங்கள். தூரத்திலிருந்து குரல் வரும், டிரம்ஸ் புரண்டு புரண்டு ஏறும், அப்புறம் எல்லாம் நின்று கிட்டார் தனியாகப் பாயும். அந்தப் பாய்ச்சல் எந்த சிடியில் உங்களைத் தூக்கிப் போடுகிறது என்று எழுதுங்கள், வளையத்தில் உள்ள எண்ணையும் சேர்த்து எழுதினால் எந்த ஆலையில் அச்சானது என்று அடுத்த இதழில் பார்த்துச் சொல்கிறேன்.